பெயர் சொல்லும் சாப்பாட்டு மேசைக்கு எந்த நாற்காலி? மலைவீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் மரப்பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மேசையை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். செல்போனில் படத்தைக் காட்டுவார்கள். எட்டடி நீளத்தில் ஒரே பலகையாக அறுத்த மேசை, இல்லாவிட்டால் தேயிலை வேரின்மேல் கண்ணாடி போட்ட மேசை, இல்லாவிட்டால் எஸ்டேட் பங்களா ஒன்று காலியானபோது ஏலத்தில் எடுத்த ஈட்டி மர (ரோஸ்வுட்) மேசை. வீட்டுக்குள் வருகிற யாரும் "இது எங்கே வாங்கினீங்க?" என்று கேட்காமல் போகமாட்டார்கள், அப்படிப்பட்ட மேசைகள். அதற்கப்புறம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இதற்கு என்ன சேர் போடுவது? ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து நேரில் வருகிறவர்களும் கொடைக்கானலிலிருந்து போனில் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேசை வந்துவிட்டது. நாற்காலி தேடுவதை எங்கிருந்து தொடங்குவது?

மேசைக்கு அடியிலிருந்து. டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். எல்லோரும் மேல்பலகையின் நீளம், அகலம், நிறம் மூன்றையும் குறித்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வேண்டியவை வேறு. தரையிலிருந்து பலகையின் மேல்பக்கம் வரை எவ்வளவு, தரையிலிருந்து பலகைக்கு அடியில் ஓடுகிற சட்டத்தின் கீழ்விளிம்பு வரை எவ்வளவு, நீளவாட்டில் இரண்டு கால்களுக்கு நடுவே எவ்வளவு, மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை எவ்வளவு. இந்த நான்கும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சாப்பாட்டு மேசை பொதுவாக 28 முதல் 30 அங்குல உயரம் இருக்கும். நாற்காலியின் இருக்கை 17 முதல் 19. இருக்கைக்கும் மேசையின் மேல்பரப்புக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் இருந்தால் கை தானாகத் தட்டுக்குப் போகும். அதற்குக் குறைந்தால் கூன் போட்டுச் சாப்பிட வேண்டும். கூடினால் தோளைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வேண்டும்.

பெரிய மேசைகளில் வினை வருவது பலகையின் கனத்தால். போன வருஷம் குன்னூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தார்கள். மேசை 30 அங்குல உயரம். பலகை 3 அங்குலக் கனம், அதற்கு அடியில் 4 அங்குலச் சட்டம். 30-ல் 7 போனால் மிச்சம் 23. அவர்கள் ஆசையாக வாங்கியிருந்த நாற்காலியின் இருக்கை, மெத்தையோடு 19. ஆக, தொடை நுழைய இருந்த இடம் 4 அங்குலம். குறைந்தது 7 அங்குலமாவது வேண்டும். அந்த வீட்டுத் தாத்தா இரண்டு மாதமாகப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் காரணம் புரியவில்லை, நாற்காலி அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருக்கிறார்கள். நாங்கள் மேசைச் சட்டத்தை 2 அங்குலமாகக் குறைத்து, பலகை தொய்யாமலிருக்க அடியில் இரும்புப் பட்டை கொடுத்தோம். மெத்தையை மெல்லியதாக மாற்றி இருக்கையை 18 அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். தொடைக்கு 7, கைக்கு 12. நாற்காலியை மாற்றாமலே தாத்தா நேராக உட்கார்ந்தார்.

மரத்தின் ஓரத்தை அறுக்காமல் இயற்கையாக விட்ட மேசை என்றால் விளிம்பு ஓர் இடத்தில் ஏறும், ஓர் இடத்தில் இறங்கும். ஒவ்வொருவரும் உட்காரப்போகிற இடத்தில் தனித்தனியாக அளந்து, மிகக் குறைந்த அளவைக் கணக்கில் வையுங்கள்.

ஆறடி மேசைக்கு ஆறு பேர்தானே? எட்டு நாற்காலி போட முடியாதா?

ஒருவருக்கு 24 அங்குலம் என்பது வசதியான கணக்கு. ஆறடி என்றால் 72 அங்குலம், பக்கத்துக்கு மூன்று பேர் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் கால்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 3 அங்குலக் கனமுள்ள கால்கள் ஓரத்திலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளி நின்றால், நடுவே கிடைப்பது 60 அங்குலம்தான். 18 அங்குல அகலமுள்ள மூன்று நாற்காலி 54 எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 6 அங்குலத்தை நாலாகப் பிரித்தால் இடுக்குக்கு ஒன்றரை அங்குலம். நம் ஊரில் ஸ்வெட்டர், சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். ஒன்றரை அங்குலத்தில் முழங்கை இடிக்காமல் சோறு பிசைய முடியாது. தலைவாழை இலை போட்டுப் பரிமாறுகிற நாளில் இன்னும் நெருக்கும். அந்த மேசைக்குப் பக்கத்துக்கு இரண்டு, முனைக்கு ஒன்று என்று ஆறு போடுங்கள். எட்டு வேண்டாம்.

நடுவில் ஒற்றைத் தூண் உள்ள வட்ட மேசைக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாலடி விட்டத்தில் நாலு பேர் தாராளமாக, ஐந்து பேர் நெருக்கி உட்காரலாம். ஐந்தடிக்கு ஆறு பேர்.

மேசை விளிம்பிலிருந்து சுவருக்கு 36 அங்குலம் இருந்தால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் குழம்புச் சட்டியோடு நடக்கலாம். யாரும் நடக்காத பக்கம் என்றால் 30 போதும். பழைய பங்களாக்களில் சாப்பாட்டு அறையிலேயே கணப்பு இருக்கும். அந்தப் பக்கம் நாற்காலியின் முதுகு நெருப்புக்கு அருகே வராதபடி இன்னும் தள்ளி வையுங்கள்.

மேசையும் நாற்காலியும் ஒரே மரத்தில் இருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. சொல்லப்போனால், மேசை மிக அழகாக இருந்தால் அதே மரத்தில் நாற்காலி செய்யாதீர்கள் என்றே நான் சொல்வேன். சில்வர் ஓக் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற அதே மரம்தான். சரியான கோணத்தில் அறுத்தால் பலகை முழுக்க ஜரிகை போட்ட மாதிரி பூ விழுந்திருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் பூ மினுங்கும், தலையைச் சாய்த்தால் மறையும். அந்தப் பூவைப் பார்க்கத்தான் மேசை. சுற்றிலும் ஆறு நாற்காலியிலும் அதே பூ இருந்தால் கண் எதிலும் நிற்காது, பட்டுப்புடவைக்குப் பட்டிலேயே சால்வை போர்த்தின மாதிரி ஆகிவிடும். சில்வர் ஓக் நாற்காலிக்கு ஏற்ற வலுவும் கிடையாது. சீக்கிரம் வண்டு பிடிக்கிற மரம் அது. மேசைக்கு மருந்து அடித்துப் பயன்படுத்தலாம். தினமும் சாய்ந்து, இழுத்து, தூக்கி வைக்கிற நாற்காலிக்கு தேக்குதான் என் தேர்வு. நம்ம மலைக்கு நாடுகாணி வழியாகக் கீழே இறங்கினால் நிலம்பூர். 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி காலத்தில் நட்ட தேக்கு இன்னும் அங்கே நிற்கிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் ஈரத்துக்கும் பூச்சிக்கும் சட்டென்று மசியாது.

நிறத்துக்கு நான் வைத்திருக்கிற வழி இதுதான். மேசையில் இருக்கிற நிறங்களில் மிக அடங்கின ஒன்றை எடுத்து நாற்காலிக்குக் கொடுங்கள். ஈட்டியில் கருப்பும் ஊதாவும் பழுப்பும் வரிவரியாக ஓடும். அதில் பழுப்பு போதும். அரைகுறையாக ஒத்துப்போவதுதான் கண்ணை உறுத்தும். மேசை செம்பழுப்பு, நாற்காலி அதைவிடக் கொஞ்சம் மஞ்சளடித்த பழுப்பு என்றால், பொருத்தப் பார்த்துத் தவறிப்போனது போலத் தெரியும். ஒன்று நன்றாகப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் துணிந்து விலக வேண்டும்.

முதுகின் உயரத்தையும் மறக்காதீர்கள். 30 அங்குல மேசைக்கு 32 முதல் 34 அங்குலத்தில் முடிகிற சாய்மானம் போட்டால் வாசலில் நின்று பார்க்கும்போது பலகை தெரியும். 42 அங்குல முதுகுள்ள நாற்காலி ஆறு நின்றால் மேசை வேலிக்குள் போய்விடும். வட்ட மேசைக்கு இன்னும் தாழ்ந்த, வளைந்த முதுகு அழகு.

எங்களுடையது தேயிலை வேர் மேசை, மேலே கண்ணாடி. எதைப் போட்டாலும் எடுபடவில்லையே?

கண்ணாடி வழியாக எல்லாமே தெரிவதுதான் காரணம். வேரின் முறுக்கும் முண்டும் ஒரு பக்கம், நாற்காலிக் கால்கள் இருபத்துநான்கு இன்னொரு பக்கம். இந்த மேசைக்கு மெல்லிய, நேரான கால்கள் வேண்டும். குறுக்குச் சட்டமோ கடைசல் வேலைப்பாடோ இல்லாமல் இருக்கட்டும். இருக்கையின் மேல்பக்கம் கண்ணாடியின் அடியில் தெரியும் என்பதால் பூப்போட்ட துணி வேண்டாம், ஒரே நிறமாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். வேர் ஒரு பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்காருகிறவர் கால்விரலை இடித்துக்கொள்வார். வேரைச் சற்றே திருப்பி வைத்து, நீட்டின பகுதி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வரும்படி செய்தால் சரியாகிவிடும்.

மலைக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது என்ன? கீழே கோவையில் வாங்கினது ஒரே வருஷத்தில் ஆட ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். மரம் நீளவாட்டில் பெரிதாக மாறாது, அகலவாட்டில்தான் ஊதும், சுருங்கும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் தொடங்கி மழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாதக்கணக்கில் மூடுபனிக்குள் நிற்கிற மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்துவிடும், வீட்டுக்குள் ஹீட்டரோ கணப்போ எரியும். அப்போது மரம் சுருங்கும். வருஷா வருஷம் இப்படி ஊதிச் சுருங்கும்போது முதலில் தளர்வது நாற்காலியின் பொருத்துகள்தான். மேசை ஒரே இடத்தில் நிற்கிறது. நாற்காலியோ ஆள் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, முன்னும் பின்னுமாக ஆட்டுகிற சாமான்.

ஆகவே கடையில் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். இருக்கைச் சட்டம் பின்காலோடு சேருகிற இடத்தைத் தேடுங்கள். ஒரு கட்டையில் துளை எடுத்து, இன்னொன்றில் நாக்கு செதுக்கி, பசை போட்டு உள்ளே இறக்கியிருந்தால் நல்லது. நாலு மூலையிலும் முக்கோண மூலைக்கட்டை வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தால் இன்னும் நல்லது. வெறும் போல்ட்டும் இரண்டு மரக்குச்சியும் மட்டும் தெரிந்தால், அதை வருஷத்துக்கு இரண்டு தடவை முறுக்கி இறுக்க உங்களுக்குப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து, முதுகின் மேல்பகுதியைப் பிடித்து இடமும் வலமுமாகத் தள்ளிப் பாருங்கள். புது நாற்காலியில் துளியும் நெகிழக் கூடாது.

ஆசாரியிடம் செய்யச் சொல்கிறீர்கள் என்றால் மரத்தின் ஈரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஈரமானி என்று கையடக்கமான கருவி இருக்கிறது, இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். 12-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 20 காட்டினால் அந்த மரம் இன்னும் காய வேண்டும். எங்கள் பட்டறையில் கீழேயிருந்து வந்த பலகையை உடனே அறுப்பதில்லை. இடையில் குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் இந்தக் காற்றிலேயே கிடக்க விடுகிறோம். மலைக்காற்றுக்குப் பழகின பிறகுதான் அளவெடுப்பு.

ரெக்சின், துணி, பிரம்பு, வெறும் பலகை: இருக்கைக்கு எது நல்லது?

ரெக்சின் என்று கடையில் சொல்வதில் இரண்டு வகை. பி.வி.சி. பூச்சு ஒன்று. தோல் மாதிரியே மெத்தென்று இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு இன்னொன்று. இரண்டாவதுதான் பார்க்க அழகு, தொட இதம், விலையும் அதிகம். ஆனால் காற்றின் ஈரம் அந்தப் பூச்சை உள்ளுக்குள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். சில வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்து புடவையிலும் கம்பளிச் சட்டையிலும் ஒட்டும். உட்காராமல் மூடி வைத்திருந்த நாற்காலியும் உரியும், ஏனென்றால் அது தேய்மானம் இல்லை. சீசனுக்கு மட்டும் வந்து தங்குகிற வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். இந்த மலையில் அந்த வகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

துணி என்றால் கழற்றித் துவைக்க முடிகிற பருத்தி உறை மட்டும். வெல்வெட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் ஒரு வாடை வந்துவிடும், பூசணமும் பிடிக்கும். சாம்பார் சிந்தினால் மஞ்சள் கறை. அந்தக் கறை வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், ஆனால் நவம்பரில் கோத்தகிரியில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் கருஞ்சிவப்பு, கரும்பச்சை, காபிக்கொட்டை நிறம் என்று அடர்ந்த நிறமாக எடுங்கள். மெத்தை நாற்காலியோடு அறைந்ததாக இல்லாமல், தூக்கி எடுக்கிற மாதிரி பலகையில் கட்டினதாக இருந்தால், வெயில் அடிக்கிற அன்றைக்கு ஆறையும் எடுத்து வாசலில் சாய்த்து வைத்துவிடலாம்.

பிரம்பு எனக்கு மிகப் பிடித்தது. கனமான மேசைக்குப் பக்கத்தில் பிரம்பு பின்னின நாற்காலி வந்தால் அறையே மூச்சு விடும், ஏனென்றால் அதன் வழியாக வெளிச்சம் போகிறது. பிரம்புக்கு எதிரி ஈரத்தைவிட வறட்சிதான். கணப்புக்கு அருகே வைத்தால் காய்ந்து வெடிக்கும். தொய்ந்துபோனால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் விரித்து வையுங்கள். மேல்பக்கம் வழவழவென்று தண்ணீரைத் தள்ளும், அடிப்பக்கம்தான் உறிஞ்சும். பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் உட்காராமல் காயவிட்டால் பிரம்பு சுருங்கி மேளத்தோல் போல விறைக்கும். எங்கள் அம்மா வீட்டு நாற்காலிகளை நான் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்.

வெறும் பலகை இருக்கை என்றால் நடுவில் லேசாகக் குழித்துச் செதுக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரச் சாப்பாட்டுக்கு அதுவே போதும்.

இரும்புக் கால், இரும்பு நாற்காலி?

கால் மட்டும் இரும்பு என்றால் சரி, பவுடர் கோட்டிங் ஒழுங்காக இருக்க வேண்டும். கால் முனையில் பூச்சு உரிந்தால் அங்கிருந்து துரு ஏறும், தரையில் வட்டமாகக் கறை விழும். இருக்கையும் முதுகும் இரும்பு வேண்டவே வேண்டாம். உறைபனி விழுகிற ஜனவரிக் காலையில் ஊட்டியில் அதில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பங்களா நாற்காலிகள் ஏலத்தில் வருகின்றன. வாங்கலாமா?

தாராளமாக, ஆனால் பார்த்து. முதலில் நாற்காலியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் காலைத் தட்டுங்கள். மைதா மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. வெறும் பழைய துளை மட்டும் இருந்து தூள் இல்லை என்றால் பயமில்லை. ஆனாலும் மருந்து அடித்துவிட்டே வீட்டுக்குள் விடுங்கள். பக்கத்தில் நிற்பது உங்கள் அருமையான மேசை.

ஆடுகிறது என்பதற்காகப் பழைய நாற்காலியை ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்தில் வஜ்ஜிரம் என்கிற, மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். அது வெந்நீருக்கும் சூட்டுக்கும் இளகும். பொருத்தை உடைக்காமல் பிரித்து, சுரண்டிச் சுத்தம் பண்ணி, மறுபடி ஒட்டலாம். இன்றைய வெள்ளைப் பசையை அதன்மேலேயே ஊற்றி அடைத்த நாற்காலிதான் எங்களை அழவைக்கும். ஆணி அடித்து "ரிப்பேர்" செய்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு தடவை ஒரே நாற்காலியிலிருந்து பதினேழு ஆணி பிடுங்கினேன். பொருத்து நன்றாகத்தான் இருந்தது, அந்த ஆணிகள்தான் அதைப் பிளந்திருந்தன.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். பல கைமாறிய நாற்காலிகளில் அழுகின கால்முனையை யாரோ அறுத்திருப்பார்கள், இருக்கை 16-க்கு இறங்கியிருக்கும்.

ஈட்டி என்றால் இன்னொன்று. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1990-களிலேயே தனிச்சட்டம் இயற்றினார்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2017-லிருந்து அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. பழைய ஈட்டி நாற்காலியை ரசீதோடு வாங்கிப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "புது ஈட்டியில் செய்து தருகிறேன்" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேசை ஈட்டி என்பதற்காக இன்னொரு ஈட்டி மரம் சாய வேண்டாம்.

ஆறும் வெவ்வேறாக இருந்தால் நன்றாக இருக்குமா?

இருக்கும், ஏதாவது ஒன்று எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தால். இருக்கை உயரம் ஒன்றாக இருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் அண்ணன் தம்பி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் இருப்பது போல இருக்கும். அதோடு மரத்தின் நிறமோ மெத்தைத் துணியோ ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாலு, முனைகளில் வேறு மாதிரி இரண்டு என்பது எல்லா வீட்டிலும் சரிவருகிற ஏற்பாடு.

முனைகளுக்குக் கை வைத்த நாற்காலி என்றால் கையின் உயரத்தை அளந்து பாருங்கள். 25 முதல் 27 அங்குலம் இருக்கும். மேசைச் சட்டத்தின் கீழ்விளிம்பு அதற்கும் கீழே இருந்தால் நாற்காலி உள்ளே போகாது, வெளியே நின்று வழியை மறிக்கும். தள்ளித் தள்ளி மேசை விளிம்பிலும் வடு விழும். மேசைமேல் பிரியம் உள்ளவர்களுக்கு அந்த வடு நெஞ்சில் விழுந்த மாதிரி.

பெஞ்ச் போடலாமா?

ஒரு பக்கம் போடலாம், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. ஒரே பலகை மேசைக்கு அழகாகவும் இருக்கும், உள்ளே தள்ளினால் இடமும் மிச்சம். ஆனால் நடுவில் உட்கார்ந்தவர் எழ வேண்டுமானால் ஓரத்தில் இருப்பவரும் எழ வேண்டும். பெரியவர்களைப் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், முதுகுக்குப் பிடிமானம் இல்லை.

பாட்டிக்கு எப்படிப்பட்ட நாற்காலி?

இதை யாராவது கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 18 அங்குலத்துக்குக் குறையாத இருக்கை, உறுதியான இரண்டு கைகள். கையின் முனை இருக்கையின் முன்விளிம்பு வரை வர வேண்டும், அதை ஊன்றித்தான் எழுவார்கள். இருக்கையின் ஆழம் 16 அங்குலம் போதும். முதுகு சாய்மானத்தில் பட்டபின்னும் முழங்காலுக்குப் பின்னால் மூன்று விரல் நுழைய வேண்டும். 18, 19 ஆழமுள்ள நாற்காலியில் குள்ளமான பாட்டிகள் நுனியில் உட்கார்ந்தே சாப்பிடுகிறார்கள், வருஷக்கணக்காக.

அப்புறம் நம் ஆட்கள் பலர் நாற்காலியிலும் ஒரு காலை மடித்தோ சப்பணம் போட்டோதான் உட்காருவார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் அவருக்குக் கை இல்லாத, 20 அங்குல அகலமுள்ள இருக்கை ஒன்று செய்துவிடுங்கள். வெளிநாட்டு அளவுப் புத்தகங்களில் இது இருக்காது. சாய்மானக் கம்பிகளில் முந்தானை மாட்டுகிறதா என்றும் கடையிலேயே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் மலைக்கு வருமா?

வரும். பிரித்துப் பெட்டியில் கட்டி அனுப்புவது கொண்டை ஊசி வளைவு ரோட்டுக்கு நல்லதுதான். இது புதிய யோசனையும் இல்லை. 1859-ல் வியன்னாவில் தோனெட் என்பவர் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து ஒரு நாற்காலி செய்தார். ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்தால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். காபிக் கடைகளில் பார்க்கிற வளைந்த முதுகு நாற்காலியின் மூலம் அதுதான். கனத்த மேசைக்கு அந்த வகை இன்றைக்கும் அருமையாகப் பொருந்தும். ஆன்லைனில் படத்தை விட்டுவிட்டு அளவுப் பட்டியலைப் பாருங்கள். "உயரம்" என்று போட்டிருப்பது முதுகின் உயரம். இருக்கை உயரம் தனியாக இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பழைய வீடு. சிவப்பு ஆக்சைடு தரை, ஓர் அறையில் மரத்தரை. கீறாமல் இருக்க?

கால் முனையில் கம்பளிப் பட்டை ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதில் மணல் புகுந்துவிட்டால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். நாற்காலி ஆடினால் உடனே காலை அறுக்காதீர்கள். பழைய தரையில் பள்ளம் இருக்கும். வேறு இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தோடர் பூத்தையலை நாற்காலிக்குப் பயன்படுத்தலாமா?

வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக அவர்கள் போடுகிற அந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத அளவுக்கு நேர்த்தி. உட்காரும் இடத்தில் போட வேண்டாம், தேய்ந்துவிடும், அந்த உழைப்புக்கு அது தகாது. முனை நாற்காலி இரண்டின் சாய்மானத்துக்கு முதுகுத் திண்டாக வையுங்கள். மேசை எளிய மரமாக இருந்தால் நடுவில் நீளவாட்டில் விரிக்கலாம். பூ விழுந்த பலகையின்மேல் வேண்டாம். இரண்டு அழகும் ஒன்றையொன்று மறைக்கும்.

ஆறையும் ஒரே தடவையில் வாங்கிவிடலாமா?

ஒன்று வாங்குங்கள், அல்லது ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதை மேசைக்குப் போட்டு ஒரு வாரம் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வேளை முழுச் சாப்பாடும் அதில் உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிட்ட பின் எழாமல் பேசிக்கொண்டிருக்கிறார்களா, கையைக் கழுவின கையோடு சோபாவுக்குப் போய்விடுகிறார்களா என்று கவனியுங்கள். இருக்கை அரை அங்குலம் இறங்க வேண்டும், முதுகு இன்னும் கொஞ்சம் சாய வேண்டும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஆசாரியிடம் முன்பணம் கொடுக்கும்போதே மிச்சம் ஐந்துக்கும் அதே கட்டையிலிருந்து மரத்தை எடுத்து ஒதுக்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். நிறம் மாறாது. நாங்கள் அப்படி ஒதுக்கின பலகையில் சாக்பீஸால் வீட்டுக்காரர் ஊரை எழுதி வைப்போம்.